கைக்கு வரும் சம்பளமும் கரையிற் பிரியும் பங்கும்

உழைப்பவன் பெறும் ஊதியத்தில் எவ்வளவு அவனுடையது என்னும் வினா, முதற்பார்வையில் வெறும் கணக்கு வினாவாகவே தோன்றும். மாத முடிவிற் சம்பளச் சிட்டையைக் கையில் எடுக்கும் ஊழியன் அதன் அடியிலுள்ள எண்ணையே முதலில் நோக்குகிறான். உச்சியில் ‘மொத்தச் சம்பளம்’ என்று ஓர் எண், நடுவே கழிவுகள், அடியிலே ‘தேறிய சம்பளம்’ என்று இன்னோர் எண். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கூட்டியும் கழித்தும் எவரும் கண்டுகொள்ளலாம். ஆயின், உச்சியிலுள்ள எண் அவனுடையதா, அடியிலுள்ள எண் அவனுடையதா என்று கேட்டவுடன் வினா கணக்கின் எல்லையைக் கடந்து அறத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. நடுவே கழிந்தது அவனிடமிருந்து பறிக்கப்பட்டதா, அல்லது அது என்றுமே அவனுடையதாய் இருந்ததில்லையா?

இவ்வினாவை ஆராய்வதற்கு யாழ்ப்பாணப் பட்டினத்தின் கடலோரத்திலுள்ள குருநகர் பொருத்தமானதோர் இடம். கரையூர் என்று முன்னர் வழங்கிய இவ்வூரிலே, கடலை நம்பி வாழும் குடும்பங்களும் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன. ஒரே வீட்டில் தந்தை கடற்றொழிலாளியாகவும் மகன் அலுவலக ஊழியனாகவும் இருத்தல் கூடும். ஆகவே உழைப்பின் பயனைப் பிரிக்கும் இருவகைக் கணக்குகள் இங்கு அருகருகே உள்ளன. ஒன்று கரையில் நடப்பது. மற்றையது காகிதத்தில் நடப்பது.

கரையில் நடக்கும் கணக்கை முதலில் நோக்கலாம். படகு வந்தடைந்ததும் மீன் இறக்கப்பட்டு, இனம் பிரிக்கப்பட்டு, கூறி விற்கப்படுகிறது. கிடைத்த பணத்திலிருந்து எரிபொருள், ஐஸ், சாப்பாடு முதலான பொதுச் செலவுகள் முதலிற் கழிக்கப்படுகின்றன. மிகுதி பங்குகளாகப் பிரிகிறது. படகுக்கும் இயந்திரத்துக்கும் வலைக்கும் பங்குண்டு. கடலுக்குப் போன ஒவ்வொருவர்க்கும் பங்குண்டு. எத்தனை பங்கு என்பது தொழிலுக்குத் தொழில், வலைக்கு வலை வேறுபடும். ஆனால் முறை ஒன்றே: முதலிற் பொதுச்செலவு, பின்னரே பங்கு. பிடிபட்ட மீன் முழுவதும் தன்னுடையது என்றோ, டீசலுக்குக் கொடுத்த பணம் தன்னிடமிருந்து பறிக்கப்பட்டது என்றோ எந்தத் தொழிலாளியும் கூறுவதில்லை. அந்த டீசல் இல்லாமற் படகு நகர்ந்திராது என்பதை அவன் அறிவான். எவ்வளவு டீசல் எரிந்தது என்பதையும் அவன் அறிவான். எரிந்தபோது அவனும் படகில் இருந்தான்.

இனிக் காகிதத்தில் நடக்கும் கணக்கு. தனியார் நிறுவனமொன்றில் மாதம் 200,000 ரூபா பெறும் ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோர் இவ்வாறு கணக்கிடுவர். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்தில் 8 வீதம், அதாவது 16,000 ரூபா, கழிகிறது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி மாதத்துக்கு 150,000 ரூபா வரை வருமான வரி இல்லை. அதற்கு மேலுள்ள 50,000 ரூபாவுக்கு 6 வீதமாக 3,000 ரூபா வரி. முத்திரைக்குரிய சிறு தொகையை ஒதுக்கிவிட்டால், கைக்கு வருவது 181,000 ரூபா. இத்துடன் கணக்கு முடிந்ததென்று பலர் கருதுவர். ஆயின் அவர் பொருட்டுத் தொழில்கொள்வோர் சேமலாப நிதிக்கு 12 வீதமும், 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் தோற்றுவித்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதமும் செலுத்துகின்றனர். அவை முறையே 24,000 ரூபாவும் 6,000 ரூபாவும் ஆகும். எனவே அவ்வுழைப்புக்கு நிறுவனம் கொடுக்கும் முழுவிலை 230,000 ரூபா. கைக்கு வராது போவது 49,000 ரூபா. அதில் 46,000 ரூபா ஊழியர் பெயரிலேயே சேர்கிறது. அரசுக்கு வரியாகப் போவது 3,000 ரூபா மாத்திரமே.

‘கழிவு’ என்னும் ஒரே சொல்லுக்குள் தன்மையில் வேறுபட்ட இரண்டு பொருள்கள் அடங்கியுள்ளன என்பது இதனாற் புலனாகும். ஒன்று தள்ளிவைக்கப்பட்ட சம்பளம். மற்றையது பொதுச்செலவுக்கான பங்கு. இவ்விரண்டையும் பிரித்தறியாது ‘பிடித்துவிட்டார்கள்’ என்று பேசும்போது அறவினா குழம்பிவிடுகிறது.

இக்குழப்பத்துக்குக் காரணங்கள் இல்லாமலில்லை. 2019 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் வரிகள் பெருமளவு குறைக்கப்பட்டன. பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாயிற்று. சம்பளத்திற் பிடிக்கப்பட்டுவந்த வரியும் 2020 தொடக்கத்தில் நீக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாமையை அறிவித்தது. அதன்பின் வரிகள் விரைவாக உயர்ந்தன. 2023 சனவரி 1 முதல் மாதம் 100,000 ரூபாவுக்கு மேற்பட்ட சம்பளத்தில் வரி கட்டாயமாகப் பிடிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒவ்வோர் 500,000 ரூபாவுக்கும் விகிதம் 6, 12, 18 என்று ஏறி 36 வரை சென்றது. மேற்கூறிய அதே 200,000 ரூபாச் சம்பளத்துக்கு அன்றைய வரி 10,500 ரூபா. விலைவாசி கடுமையாக ஏறியிருந்த காலத்தில் இது வந்தது. அவ்வாண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வைத்தியர்களும் வங்கி ஊழியர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ‘உழைத்த காசைப் பறிக்கிறார்கள்’ என்பதே அன்று எங்கும் கேட்ட குரல்.

இக்குரலுக்கு மெய்யியலில் வலுவான ஆதரவுண்டு. அமெரிக்க மெய்யியலாளர் இராபர்ட் நோசிக் 1974 இல் வெளியிட்ட நூலில், உழைத்துப் பெற்ற வருமானத்தின்மீது விதிக்கும் வரி கட்டாய உழைப்புக்கு ஒப்பானது என்று வாதித்தார். ஒருவரின் ஐந்து மணிநேர உழைப்பின் பயனை எடுப்பது, அவரை ஐந்து மணிநேரம் பிறர்க்காக உழைக்கச் செய்வதேயாகும் என்பது அவ்வாதத்தின் சாரம். இதன்படி உச்சியிலுள்ள எண் முழுவதும் ஊழியனுடையது. இடையிலே கழிந்ததெல்லாம் அவன் இசைவின்றி எடுக்கப்பட்டது.

மறுதலையான வாதத்தை லியாம் மர்பி, தோமஸ் நேகல் ஆகிய இருவரும் 2002 இல் முன்வைத்தனர். வரிக்கு முந்திய வருமானம் இயற்கையாகவே ஒருவருக்கு உரித்தானதென்பது மாயை என்பது அவர்கள் முடிவு. சட்டமும் நீதிமன்றமும் நாணயமும் வீதியும் பாடசாலையும் இல்லாவிடத்து அந்த மொத்தச் சம்பளமே தோன்றியிராது. அவற்றைத் தாங்குவது வரி. ஆகவே வரியை நீக்கிவிட்டு ‘என்னுடையது எவ்வளவு’ என்று கேட்பது, படகை நீக்கிவிட்டு ‘என் மீன் எவ்வளவு’ என்று கேட்பதை ஒக்கும். குருநகர்க் கத்தோலிக்க மக்கள் நன்கறிந்த விவிலியக் கதையொன்றும் இவ்விடத்தில் நினைவுக்கு வரும். ஆலய வரி கேட்கப்பட்டபோது, கடலுக்குச் சென்று முதலில் அகப்படும் மீனின் வாயிலிருக்கும் காசை எடுத்துக் கொடுக்குமாறு இயேசு இராயப்பருக்குக் கூறியதாக மத்தேயு எழுதியுள்ளார். அக்காசு இராயப்பரின் உழைப்பா, கடலின் கொடையா என்று பிரித்துச் சொல்லுதல் அரிது. மீனவன் பிடிக்கும் மீனிலும் அவன் கைத்திறனும் அவன் படைக்காத கடலும் இவ்வாறே கலந்துள்ளன.

இவ்விரு வாதங்களுள் இரண்டாவதே கரையின் அனுபவத்துக்கு நெருக்கமானது. ஆயினும் அதனை அப்படியே ஏற்பதில் ஓர் அபாயமும் உண்டு. மொத்தச் சம்பளம் ஊழியனுடையதன்று என்று சொல்லி நிறுத்திவிட்டால், எவ்வளவு எடுத்தாலும் அவன் முறையிட இடமில்லாமற் போய்விடும். பொதுச்செலவு முதலிற் கழியவேண்டும் என்பது ஒரு பேச்சு. பொதுச்செலவு என்று சொல்லப்படுவதெல்லாம் பொதுச்செலவே என்பது வேறொரு பேச்சு. சம்மாட்டி தன் வீட்டுச் செலவையும் டீசற் கணக்கில் எழுதினால் தொழிலாளி அதனை ஏற்கமாட்டான். எனவே கழிவு நியாயமா என்பதை அறிய வேறோர் அளவுகோல் வேண்டும். கரையின் கணக்கிலிருந்தே அதனைப் பெறலாம். கழிப்பது கண்ணுக்குத் தெரியவேண்டும். தாங்குபவனின் வலிமைக்கேற்ப இருக்கவேண்டும். தாங்குபவன் அதுபற்றிக் கேள்வி கேட்கக்கூடியவனாக இருக்கவேண்டும்.

முதலாவதாகத் தெரிதல். சம்பளம் கைக்கு வருமுன்னரே வரியைப் பிடிக்கும் முறை உலகில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், போர்ச் செலவின் நெருக்கடியிற் பரவியது. அமெரிக்கா 1943 இலும் பிரித்தானியா 1944 இலும் அதனை மேற்கொண்டன. அமெரிக்காவில் அம்முறையை வகுப்பதில் இளைஞராகப் பங்குகொண்ட பொருளியலாளர் மில்ற்றன் பிரீட்மன், பிற்காலத்தில் அதனை நீக்கவேண்டுமென்று விரும்பினார். வலி தெரியாமற் பிடிக்கும் வழி அரசை அளவுகடந்து வளரச் செய்கிறது என்பது அவர் கவலை. இக்கவலையில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் பிடித்தல் தன்னளவிற் தீதன்று. ஆண்டு முடிவில் ஒரே தடவையிற் பெருந்தொகை கேட்கப்படின் சிறுசம்பளக்காரன் நிலைகுலைவான். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறியதாகப் புறநானூற்றில் உள்ள அறிவுரை இதனை விளக்கவல்லது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும்; யானை தானே வயலுட் புகுந்தால் வாயிற் புகுவதிலும் காலில் மிதிபடுவதே அதிகமாகும். மாதந்தோறும் அளவாகப் பிடிப்பது கவளத்துக்கு ஒப்பானது. 2019 இல் வரியைத் தாறுமாறாகக் குறைத்து 2023 இல் ஒரே எட்டில் உயர்த்தியமையோ, யானை வயலுட் புகுந்தமைக்கு ஒப்பானது.

மேலும், சம்பளச் சிட்டையில் அச்சிடப்பட்ட வரி உண்மையிற் கண்ணுக்குத் தெரியும் வரியேயாகும். தெரியாத வரி வேறிடத்தில் உள்ளது. 2024 சனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. டீசலும் அவ்வரிக்குள் வந்தது. குருநகர்ப் படகொன்று எரிக்கும் டீசலின் விலைக்குள் அவ்வரி அடங்கியிருக்கிறது. டீசற் செலவு பங்கு பிரிக்குமுன் கழிவதால், தொழிலாளியின் பங்கிலிருந்து வரி அவன் அறியாமலே முன்கூட்டிக் கழிந்துவிடுகிறது. வருமான வரிக் கோவை எதிலும் அவன் பெயர் இல்லை. ஆயினும் ஒவ்வொரு முறை இயந்திரம் இயங்கும்போதும் அவன் வரி செலுத்துகிறான். கரையின் கணக்கிலேயே அரசின் கணக்கு மறைவாகப் புகுந்துள்ளது.

அடுத்தது வலிமைக்கேற்ற சுமை. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாதம் 60,000 ரூபா பங்கு பெறும் கடற்றொழிலாளி ஒருவர், அதில் 23,600 ரூபாவைப் பெறுமதி சேர் வரிக்குட்பட்ட பொருள்களுக்குச் செலவிடுவதாகக் கொண்டால், அதனுள் 3,600 ரூபா வரியாகும். அது அவர் வருமானத்தில் 6 வீதம். முன்னர் கூறிய 200,000 ரூபாச் சம்பளக்காரர் அவ்வகைப் பொருள்களுக்கு 59,000 ரூபா செலவிட்டால் அதனுள் 9,000 ரூபா வரி; வருமான வரியான 3,000 ரூபாவையும் சேர்த்து அவர் கொடுப்பது 12,000 ரூபா. அதுவும் அவர் வருமானத்தில் 6 வீதமே. மும்மடங்குக்கும் மேல் வருமானமுள்ளவரும் குறைந்த வருமானமுள்ளவரும் ஒரே வீதத்திற் சுமக்கும் நிலை இதனாற் தோன்றக்கூடும். ‘வரி கொடுப்பவர் நாங்கள், கொடாதவர் அவர்கள்’ என்று படித்த வகுப்பினரிடையே வழங்கும் பேச்சு எவ்வளவு தவறானது என்பதற்கு இக்கணக்கே போதும்.

சம்பளக்காரரின் முறைப்பாட்டிலும் நியாயமான ஒரு பகுதி உண்டு என்பதை மறைக்கலாகாது. அவருடைய வருமானம் முழுவதும் ஏட்டிற் பதிவாகிறது. வரி தானாகவே கழிகிறது. தனித்தொழில் செய்து பெருவருமானம் பெறுவோரோ தம் வருமானத்தைத் தாமே அறிவிக்க வேண்டியவர்கள். அவர்களுள் அறிவியாதவர் தப்பிவிடுகின்றனர். கரையிலே ஒருவன் பிடித்த மீனைப் படகின் அடியில் ஒளித்துவைத்தால் மற்றவர்கள் உடனே கண்டுகொள்வர். நாட்டளவில் அவ்வாறு காண்பதற்கு வலுவான இறைவரி நிருவாகம் தேவை. நேர்மையாகக் கொடுப்பவன்மீது விகிதத்தை உயர்த்துவது எளிது. கொடாதவனைத் தேடிப் பிடிப்பது கடினம். எளியதை மட்டும் செய்யும் அரசு நீதியைச் செய்ததாகாது.

மூன்றாவது, கேள்வி கேட்கும் உரிமை. இங்கேதான் ஊழியர் பெயரிற் சேரும் அந்த 46,000 ரூபாவும் ஆராயப்படவேண்டும். அது வரியன்று, முதுமைக்கான சேமிப்பு. ஆயினும் 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது, சேமலாப நிதியின் வசமிருந்த திறைசேரி முறிகள் நீண்ட தவணையும் குறைந்த வட்டியுமுடைய புதிய முறிகளாக மாற்றப்பட்டன. மாற்றத்துக்கு இணங்காத நிதியங்களுக்கு உயர்ந்த வரி விகிதம் காத்திருந்தது. நாட்டின் நிலைமை அதனை வேண்டிற்று என்று வாதிக்கலாம். ஆனால் அந்நிதியின் சொந்தக்காரர்களான தொழிலாளர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்கப்படவில்லை. தம் பெயரில் இருப்பது தம் சொல்லுக்குக் கட்டுப்படாதபோது, அது தம்முடையது என்பதற்கு முழுப்பொருள் இல்லை. கடற்றொழிலாளியின் நிலை இதனினும் மெலிந்தது. பங்கு முறையில் அவனுக்கு 12 வீதம் சேர்ப்பார் எவருமில்லை. கடல் கொடுத்த நாளில் உண்டு, கொடாத நாளிற் கடன்பட்டு, முதுமையிற் பிள்ளைகளை நம்பி வாழ்வதே பலரின் விதியாயிற்று.

கரையின் முறையைக் குறையற்றதென்று போற்றுவதும் பொருந்தாது. சம்மாட்டியிடமோ வியாபாரியிடமோ முற்பணம் வாங்கிய தொழிலாளியின் பங்கு, அவன் கையைத் தொடுமுன்னரே கடனுக்குக் கழிந்துவிடுவதுண்டு. அவன் கேள்வி கேட்கும் துணிவும் கடனோடு போய்விடுவதுண்டு. மீனைத் தரம் பிரித்தும் கருவாடாக்கியும் உழைக்கும் பெண்களுக்குப் படகின் பங்கில் இடமில்லை. மேலும், சில பேர் நிற்கும் கரையில் நடப்பது இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில் அப்படியே நடக்க இயலாது. ஆகவேதான் கரையில் கண் செய்யும் வேலையை நாட்டிற் கணக்காய்வு செய்யவேண்டியுள்ளது. பொது நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என்றும் சட்டமின்றி வரி விதித்தல் ஆகாது என்றும் அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை கூறுகிறது. கணக்காய்வாளரின் அறிக்கைகள் படிக்கப்படாமற் கிடக்கும் நாட்டில் அவ்வுறுப்புரை எழுத்தாக மட்டுமே நிற்கும்.

இவற்றைத் தொகுத்து நோக்கின், முதலில் எழுப்பிய வினாவுக்கு ஒரு விடை கிட்டுகிறது. உச்சியிலுள்ள எண் முழுவதும் ஊழியனுடையதன்று. அதில் பிறர் உழைப்பும் பொது ஏற்பாடுகளும் கலந்துள்ளன. அடியிலுள்ள எண் மட்டுமே அவனுடையது என்பதும் தவறு. கழிந்தவற்றின்மீதும் அவனுக்கு உரிமை உண்டு. கழிந்ததற்குக் கணக்குக் கேட்கும் உரிமையே அது. வரியைப் பறிப்பு என்று ஒதுக்குபவன் அவ்வுரிமையையும் கைவிடுகிறான். பறிகொடுத்தவனுக்குத் துயரம் உண்டேயன்றிப் பங்காளியின் அதிகாரம் இல்லை. வரியைத் தன் பங்கின் ஒரு பகுதியாகக் கருதுபவனே அது எங்கே போயிற்று என்று உரத்துக் கேட்கமுடியும்.

இது பல்கலைக்கழகத்தில் உள்ளோர்க்குத் தொலைவான பொருளன்று. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த நாள்தொட்டு, இந்நாட்டில் மிகப் பெரும்பாலான மாணவர்களின் படிப்பு பொதுப்பணத்தில் நடைபெறுகிறது. விரிவுரையாளரின் சம்பளமும் அதிலிருந்தே வருகிறது. அப்பொதுப்பணத்தின் பெரும்பகுதி வருமான வரியிலிருந்து அன்று, விலைக்குள் மறைந்துள்ள வரிகளிலிருந்தே சேர்கிறது. எனவே குருநகர்க் கரையிலிருந்து புறப்படும் படகின் டீசல் விலையில் ஒரு பகுதி விரிவுரை மண்டபத்தின் விளக்காகவும் நூலகத்தின் நூலாகவும் வந்து சேர்கிறது. அதனைக் கொடுத்தவன் கொடுத்ததை அறியான். அவனுக்காக அக்கணக்கைப் படித்து, எவ்வளவு கழிந்தது, எதற்காகக் கழிந்தது, நியாயமாகக் கழிந்ததா என்று எடுத்துச் சொல்வது, அவன் பங்கிற் கற்றவர்கள் அவனுக்குச் செலுத்தவேண்டிய கடனாகும்.